எத்தனை எச்.பி. டிராக்டர் வாங்கலாம்? முதலில் கலப்பையைக் கேளுங்கள்

கேள்வி இதுதான்: "பதினைந்து ஏக்கர் நிலம். பாதி கனத்த களிமண், அதில் இரண்டு போகம் நெல். மீதி மேட்டு நிலம், கொஞ்சம் மரப்பயிரும் உண்டு. முதல் டிராக்டர் வாங்கப் போகிறேன். 35 எச்.பி. போதுமா, 50 வேண்டுமா? டூ வீல் டிரைவா, போர் வீல் டிரைவா?"

ஏக்கரை வைத்து எச்.பி. சொல்வது பரவலான பழக்கம். ஆனால் வேலை எத்தனை நாளில் முடியும் என்பதைத்தான் ஏக்கர் சொல்லும். அந்த வேலையை வண்டி செய்யுமா என்பதைச் சொல்வது மண்ணும் அதில் இறங்கும் கருவியும். மணற்பாங்கான நூறு ஏக்கரை 35 எச்.பி. வண்டி நிதானமாக உழுது முடித்துவிடும். காய்ந்து பாறையான ஐந்து ஏக்கர் களியில் அதே வண்டி கலப்பையை அரை அடிக்குக்கூட இறக்க முடியாமல் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: மண், வேலை, கருவி, அதன் அகலமும் ஆழமும், கடைசியாக டிராக்டர்.

பானட்டில் எழுதியிருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பதில் தொடங்கலாம். அது இன்ஜினின் திறன். கருவிகளைச் சுழற்றுவதற்காகப் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும்போது அதில் 85 முதல் 90 சதவீதம்தான் மிச்சம். சக்கரம் மண்ணைப் பிடித்து இழுக்கும் இழுவைத் திறனுக்கு வரும்போது இன்னும் குறையும். டூ வீல் டிரைவ் வண்டி, பி.டி.ஓ. திறனில் கெட்டித் தரையில் சுமார் 72 சதவீதத்தையும், உழுத மண்ணில் 67 சதவீதத்தையும், பொதபொத மண்ணில் 55 சதவீதத்தையும் இழுவையாக மாற்றும். முன் சக்கரமும் ஓடும் போர் வீல் டிரைவில் இதே எண்கள் 77, 73, 65 என்று ஏறும். மண் கெட்டியாக இருக்கும்போது வித்தியாசம் சிறியது. இளக இளகத்தான் பெரிதாகிறது. போர் வீல் வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. இறக்கைக் கலப்பையில் இரண்டு கொழு, ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம். வெட்டுமுகம் 60 × 20 = 1,200 சதுர செ.மீ. கனத்த களிமண் ஒரு சதுர செ.மீ.க்குத் தோராயமாக 0.7 கிலோ எதிர்ப்பு தரும் என்று வைத்தால் இழுக்க வேண்டிய விசை 840 கிலோ. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் இழுத்தால்: விசை × வேகம் ÷ 270, அதாவது 840 × 5 ÷ 270 = 15.6 எச்.பி. இது இழுவையில் வேண்டியது. உழுத மண் என்று கொண்டு 0.67-ஆல் வகுத்தால் பி.டி.ஓ.வில் 23, அதை 0.87-ஆல் வகுத்தால் இன்ஜினில் 27. இதன் மேல் 25 சதவீதம் கைவசம் வேண்டும், ஏனென்றால் வயல் முழுவதும் ஒரே மண்ணாக இருக்காது. ஓரிடத்தில் இறுகியிருக்கும், ஓரிடத்தில் வேர்க்கட்டை வரும். ஆக 34 எச்.பி. இதே கலப்பை 0.4 கிலோ எதிர்ப்பு தரும் இளகிய மண்ணில் ஓடினால் 20 எச்.பி.க்குள் முடிந்துவிடும். மண் ஒன்றே தேவையை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒன்பது கொத்துக் கலப்பைக்கும் இதே வழிதான். 12 செ.மீ. ஆழத்தில், 6 கி.மீ. வேகத்தில், கனத்த மண்ணில் ஒரு கொத்து சுமார் 75 கிலோ இழுவை கேட்கும். ஒன்பதுக்கு 675; திறன் 15 எச்.பி. அதே பாதையில் பின்னோக்கிப் போனால் இன்ஜினில் 26, கைவசத்தோடு 33. "ஒன்பது கலப்பைக்கு 35 எச்.பி." என்ற வாய்மொழிக் கணக்கு வெறும் வழக்கம் இல்லை என்பது இதிலிருந்து தெரியும். ஆனால் அது 12 செ.மீ. ஆழத்துக்கான கணக்கு. 18 செ.மீ. இறக்க ஆசைப்பட்டால் விசை ஒன்றரை மடங்காகும். அப்போது இன்ஜின் திணறாவிட்டாலும் டயர் வழுக்கும்.

ரோட்டவேட்டர் வேறு சாதி. அதற்கு இழுவை கிட்டத்தட்ட வேண்டாம். கத்திகள் சுழலும் திசையே வண்டியை முன்னால் தள்ளும். வேண்டியது பி.டி.ஓ. திறனும், மணிக்கு 2 முதல் 4 கி.மீ. வரை நகரும் மெதுவான கியர்களும். ஐந்தடி ரோட்டவேட்டருக்கு 40 முதல் 45 எச்.பி., ஆறடிக்கு 50 முதல் 55 என்பது பொதுவான பொருத்தம். இன்னொரு சோதனை உண்டு: கருவியின் அகலம் பின் டயர்களின் வெளிவிளிம்பைத் தாண்ட வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு சாலிலும் டயர் தடம் உழாமல் கெட்டியாக நிற்கும். பெரிய வண்டியில் சின்ன ரோட்டவேட்டரை மாட்டியவர்கள் இதனால்தான் கருவியை ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டி ஓட்டுகிறார்கள்; அப்போதும் ஒரு தடம்தான் மறையும்.

பலரும் இழுவைக் கருவியை நினைத்து வண்டி வாங்கிவிட்டு, வருடம் முழுக்க ரோட்டவேட்டர்தான் ஓட்டுகிறார்கள். உங்கள் பட்டியலில் அதிக மணிநேரம் ஓடப்போவது எது, அதிகத் திறன் கேட்பது எது என்று தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் முடிவு எளிது. வருடத்துக்கு ஒரு நாள் ஓடும் உளிக்கலப்பைதான் அதிகத் திறன் கேட்கிறது என்றால் அந்த வேலையை வாடகை வண்டிக்கு விட்டுவிட்டு மற்றதற்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. அகலம் (மீட்டர்) × வேகம் (கி.மீ.) × 0.8 ÷ 4 என்று போட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும் ஏக்கர் கிடைக்கும். 0.8 என்பது திரும்புவதற்கும் நிற்பதற்கும் கழிவு. வயல் சின்னத் துண்டுகளாக இருந்தால் 0.65 போடுங்கள். ஐந்தடி ரோட்டவேட்டர்: 1.5 × 3 × 0.8 ÷ 4 = 0.9 ஏக்கர். ஒன்பது கொத்துக் கலப்பை இரண்டு மீட்டர் அகலம்: 2 × 6 × 0.8 ÷ 4 = 2.4 ஏக்கர். உங்கள் பதினைந்து ஏக்கரைக் கலப்பையில் இரண்டு சால், ரோட்டவேட்டரில் இரண்டு சால் ஓட்ட 46 மணி நேரம், அதாவது ஏழு நாள். மழைக்குப் பின் மண் பதமாக இருக்கும் இடைவெளி பத்து நாள் என்றால் 40 எச்.பி. வண்டி போதும். நான்கே நாள்தான் என்றால் இரண்டு வழி: பெரிய வண்டி, அல்லது இன்னோர் ஓட்டுநரை வைத்து இரவிலும் ஓட்டுவது. இரண்டாவது வழியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சுமை இழுப்பது, பாத்தி, வரப்பு வேலை எல்லாம் சேர்த்து ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு ஐந்து மணி என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 150 மணி நேரம்தான் வருகிறது. டிராக்டர் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கச் செய்த இயந்திரம். 150 மணியில் வட்டி, தேய்மானம், காப்பீடு அனைத்தும் ஒவ்வொரு மணியின் தலையிலும் கனமாக ஏறும். வெளி வேலைக்கு விடும் எண்ணம் இல்லை, சுற்றுவட்டாரத்தில் வாடகை வண்டி நேரத்துக்குக் கிடைக்கிறது என்றால், வாங்காமலிருப்பதும் ஒரு தேர்வுதான். கிடைக்காது, பதம் தவறிப்போகிறது என்றால் மேலே படியுங்கள்.

எடைக்கும் டயருக்கும் வருவோம். விற்பனையாளர் எச்.பி. பற்றிப் பேசுவார், எடையைப் பற்றிப் பேச மாட்டார். இழுவை என்பது எடையும் பிடிப்பும் சேர்ந்தது. 50 எச்.பி. இன்ஜினை இலகுவான உடலில் வைத்தால் அது கலப்பை இழுக்கும்போது 40 எச்.பி. வண்டிதான், மீதி பத்தும் டயர் வழுக்கலில் போகும். மெதுவான இழுவை வேலைக்கு பி.டி.ஓ. எச்.பி. ஒன்றுக்கு 55 முதல் 65 கிலோ எடை இருப்பது நல்லது. டூ வீல் வண்டியில் அந்த எடை முன்னால் மூன்றில் ஒரு பங்கும் பின்னால் இரண்டு பங்கும், போர் வீலில் முன் 40, பின் 60 சதவீதமும் இருக்க வேண்டும்.

வழுக்கலை நீங்களே அளக்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கருவியைத் தூக்கிய நிலையில் அதே வயலில் பத்துச் சுற்று ஓட்டித் தூரத்தை அளந்துகொள்ளுங்கள், 13.6-28 டயரில் அது 40 மீட்டர் பக்கம் வரும். பிறகு கருவியை இறக்கி உழுதபடி பத்துச் சுற்று. இப்போது 35 மீட்டர் என்றால் வழுக்கல் நாற்பதுக்கு ஐந்து, 12.5 சதவீதம். 8 முதல் 15 வரை சரி. 20-ஐத் தாண்டினால் டீசலும் டயரும் மண்ணில் போகின்றன; எடை ஏற்றுங்கள், அல்லது ஆழத்தைக் குறையுங்கள். 5-க்குக் கீழே என்றால் அதுவும் நல்லதில்லை: வண்டி தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது, மண்ணை அமுக்குகிறது, பல்சக்கரங்கள் வீணாகப் பாரம் தாங்குகின்றன. அளக்கச் சோம்பலாக இருந்தால் தடத்தைப் பாருங்கள். டயர் பட்டன், அதாவது டயரில் புடைத்து நிற்கும் கட்டை, அச்சு வார்த்ததுபோல் முழுசாகப் பதிந்தால் எடை அதிகம். முழுக்கக் கலைந்திருந்தால் குறைவு. நடுவில் அச்சு தெரிந்து ஓரம் கலைந்திருந்தால் சரி.

எடை ஏற்ற இரும்பு வட்டுகள் ஒரு வழி, டயருக்குள் தண்ணீர் இன்னொரு வழி. வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரை நிரப்பினால் 75 சதவீதம் ஆகும். அதற்கு மேல் நிரப்பக் கூடாது, அமுங்கி நிமிரக் காற்று வேண்டும். 13.6-28 டயர் ஒன்றுக்குச் சுமார் 200 லிட்டர், அதாவது 200 கிலோ பிடிக்கும். சேற்று உழவுக்கு முன் இதை வெளியேற்றிவிடுங்கள். காற்றழுத்தம் வயலில் பின் டயருக்கு 12 முதல் 16 பி.எஸ்.ஐ. போதும், சாலையில் சுமையோடு போகும்போது ஏற்ற வேண்டும். சாலைக்கு வைத்த 25 பி.எஸ்.ஐ.யோடு வயலில் இறங்கிவிட்டு "இந்த வண்டிக்குப் பிடிப்பே இல்லை" என்று குறை சொல்பவர்கள் ஏராளம்.

போர் வீல் டிரைவ் விஷயத்தில் என் தீர்ப்பு: சேற்று உழவு உண்டு, அல்லது முன்னால் லோடர் மாட்டப் போகிறீர்கள், அல்லது நிலம் சரிவானது என்றால் எடுங்கள். வறண்ட சமநிலத்தில் கொத்துக் கலப்பையும் டிரெய்லரும் மட்டும் என்றால் டூ வீல் போதும். திரும்பும் வளைவு சிறிது, பராமரிப்பு குறைவு. எடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள். முன் சக்கரம் பின்னதைவிட 1 முதல் 5 சதவீதம் வேகமாகச் சுழலும்படி அமைத்திருப்பார்கள். அதனால் கெட்டியான சாலையில் போர் வீல் நெம்புகோலைப் போட்டபடி ஓட்டினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். முதலில் டயர் தேயும், பிறகு முன் அச்சின் பல்சக்கரங்கள் போகும். டயர் மாற்றும்போது அளவு ஒன்றாக இருந்தால் போதும் என்று வேறு தயாரிப்பை முன்னால் மட்டும் போட்டால் சுற்றளவு மாறி இந்த விகிதம் கெடும். தேய்ந்த முன் டயரோடு புதுப் பின் டயர் சேர்ந்தாலும் அதே கதி: முன் சக்கரம் இழுப்பதற்குப் பதில் தடையாகிவிடும்.

சேற்று உழவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே மேலே சொன்ன எடைக் கணக்கு தலைகீழ். சேற்றில் வண்டியைத் தாங்குவது மேல்மண் கிடையாது. கீழே 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் இறுகியிருக்கும் அடித்தட்டு. கனமான வண்டி அந்தத் தட்டை உடைத்தால் அந்த இடம் வருடா வருடம் உளையாகும், நீரும் நிற்காது. ஆகவே இலகுவான போர் வீல் வண்டி, உயரமான பட்டன் கொண்ட நெல்வயல் டயர் அல்லது கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம், இதுவே பொருத்தம். கேஜ் வீல் அகலம் கூடக்கூட அச்சின் நுனியில் வளைக்கும் விசையும் கூடும். வயலிலிருந்து ஏறி வரப்பைக் குறுக்கே கடக்கும்போது ஒரு பக்கம் மட்டும் முழு எடையும் விழுவதால்தான் பேரிங்கும் சீலும் அடிக்கடி போகின்றன. எனவே அச்சு உறையின் தடிமன், சீல்களின் தரம், சேற்று உழவுக்கென்று கூடுதல் சீல் உண்டா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். பிரேக் கண்டிப்பாக எண்ணெயில் மூழ்கியதாக இருக்கட்டும். உலர் டிஸ்க்கில் சேற்றுநீர் புகுந்தால் ஒரே போகத்தில் அது பேருக்குத்தான் பிரேக். போகம் முடிந்ததும் முன் அச்சின் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் இறங்கியிருக்கிறது. சீலை மாற்றி எண்ணெயையும் மாற்றாவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும்.

ஹைட்ராலிக் லிப்ட் பற்றி விளம்பரத் தாளில் "1,500 கிலோ" என்று இருக்கும். அது கீழ்க் கைகளின் நுனியில் அளந்ததா, நுனியிலிருந்து 610 மி.மீ. பின்னால் அளந்ததா என்று கேளுங்கள். இரண்டாவது எண் கணிசமாகக் குறைவாக இருக்கும், அதுதான் உங்களுக்கு வேண்டியது. எந்தக் கருவியின் எடையும் கை நுனியிலேயே நிற்பதில்லை. தூக்கும் திறன் போதுமாக இருந்தாலும் முன்பக்கம் லேசாகிவிடும் ஆபத்து உண்டு. கருவியைத் தூக்கிய நிலையில் முன் அச்சு மட்டும் எடை மேடையில் நிற்கும்படி வைத்து எடை போடுங்கள்: வெறும் வண்டி எடையில் 20 சதவீதமாவது முன்னால் இருக்க வேண்டும். 2,000 கிலோ வண்டிக்கு 400 கிலோ. அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது; முன் எடை மாட்டுங்கள்.

இணைப்பு ஊசிகளின் வகையும் பார்க்க வேண்டியது. முதல் வகையில் கீழ் ஊசி 22 மி.மீ., இரண்டாம் வகையில் 28 மி.மீ. கருவி ஒரு வகை, வண்டி மற்ற வகை என்றால் புஷ் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் சின்ன ஊசியில் பெரிய கருவியை மாட்டினால் அது வளையும்.

இருக்கை ஓரத்தில் இரண்டு நெம்புகோல் இருக்கும். ஒன்று பொசிஷன் கண்ட்ரோல்: கருவியைக் குறித்த உயரத்தில் நிறுத்தும். மற்றது டிராப்ட் கண்ட்ரோல்: இழுவை கூடும்போது கருவியைத் தானாகக் கொஞ்சம் உயர்த்தி, குறையும்போது இறக்கும். ஹாரி பெர்குசன் கொண்டுவந்த இந்த ஏற்பாடு 1939-இல் போர்டு 9என் டிராக்டரில் வந்தது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. உயர்த்தும் நொடியில் கலப்பையின் எடையும் அது வாரும் மண்ணின் எடையும் பின் சக்கரத்துக்கு மாறுகிறது. இரும்பு வட்டே மாட்டாமல் பிடிப்பு கிடைக்கிறது. கலப்பைக்கு டிராப்ட், ரோட்டவேட்டருக்கும் விதைப்பானுக்கும் பொசிஷன். எல்லா வேலைக்கும் பொசிஷனிலேயே விட்டு உழுபவர்தான் இறுகிய இடம் வரும்போதெல்லாம் கையால் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பார். சோதனை ஓட்டத்தில் கலப்பையோடு டிராப்ட் நெம்புகோலைப் போட்டு, அது எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது என்று பாருங்கள். மந்தமாக இருந்தால் உழவு ஆழம் அலை அலையாக வரும்.

பி.டி.ஓ. பெரும்பாலான சிறு, நடுத்தர வண்டிகளில் நிமிடத்துக்கு 540 சுற்று. தண்டு 35 மி.மீ., ஆறு பள்ளம். கேட்க வேண்டிய கேள்வி: இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடும்போது 540 வருகிறது, அந்தச் சுற்றில் பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு? 2,000 பக்கம் என்றால் முழுத் திறனும் கிடைக்கும், டீசலும் அதற்கேற்ப ஆகும். 1,500-இலேயே 540 தரும் சிக்கன பி.டி.ஓ. தண்ணீர் இறைக்கவும் மருந்து தெளிக்கவும் அருமை. கனத்த மண்ணில் ரோட்டவேட்டருக்கு மூச்சு முட்டும். இரண்டும் உள்ள வண்டி கிடைத்தால் எடுங்கள்.

கிளட்சிலும் கவனம் வேண்டும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்தால் சக்கரமும் பி.டி.ஓ.வும் சேர்ந்து நிற்கும். வைக்கோல் கட்டும் பேலரை அப்படி ஓட்ட முடியாது: வாய் அடைக்கப் பார்க்கும்போது வண்டியை நிறுத்தி, பேலரை மட்டும் சுழல விட வேண்டும். இரட்டைக் கிளட்சில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால் இரண்டும். தனி நெம்புகோல் உள்ள சுதந்திர பி.டி.ஓ. இதைவிட வசதி. ஒற்றைக் கிளட்சில் இன்னொரு விபரீதமும் உண்டு. புதர்வெட்டி போன்ற கனமாகச் சுழலும் கருவியை மாட்டினால், நீங்கள் கிளட்சை மிதித்த பிறகும் அதன் சுழற்சி வேகம் பி.டி.ஓ. வழியாகச் சக்கரத்தைத் தள்ளும்; வண்டி வரப்பில் போய்த்தான் நிற்கும். ஒருவழி கிளட்ச் ஒன்றை பி.டி.ஓ. தண்டில் மாட்டினால் தீரும்.

பி.டி.ஓ.வையும் கருவியையும் இணைக்கும் கார்டான் தண்டின் நீளம் பார்க்காமல் மாட்டுவது புது வண்டியில் முதல் வாரமே நடக்கும் தவறு. கருவியைத் தூக்கி இறக்கிப் பார்த்து, மிகக் குறுகிய நிலையிலும் உள்ளே 25 மி.மீ.யாவது இடம் விட்டு அறுக்க வேண்டும். மிக நீண்ட நிலையில் குழாய்கள் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இரண்டு முனைக் காதுகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கட்டும். மாறினால் தடதடப்பு வந்து பேரிங் போகும். திருப்பத்தில் ரோட்டவேட்டரைத் தூக்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். மேலே மூடும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறியாதீர்கள், வேட்டி, சேலை, துண்டு எதையும் சுழலும் தண்டு ஒரு நொடியில் இழுத்துவிடும்.

கியர்களின் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, வேலை வேகமான 2 முதல் 10 கி.மீ.க்குள் எத்தனை விழுகின்றன என்று எண்ணுங்கள். ஐந்தாறாவது இருக்க வேண்டும். சில வண்டிகளில் எட்டு கியர் இருந்தும் 3-க்கும் 6-க்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. கனத்த மண்ணில் ஒன்று மிக மெதுவு, அடுத்தது திணறல். லோடர் வேலைக்கு முன்-பின் ஷட்டில் கியர் பெரிய நிம்மதி. இல்லாவிட்டாலும் உழவுக்குக் குறையில்லை.

இன்ஜினில் பார்க்க வேண்டியது டார்க் (சுழற்று விசை) கைவசம். பாரம் ஏறிச் சுற்று குறையும்போது டார்க் எத்தனை சதவீதம் உயர்கிறது என்பது அது. 20-க்கு மேல் இருந்தால் கியர் மாற்றாமலே கடினமான இடத்தைக் கடக்கும். மூன்று சிலிண்டரா நான்கா என்ற வாதத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். டீசல் செலவுக்கு: முழுப் பாரத்தில் எச்.பி.க்கு மணிக்கு சுமார் 0.2 லிட்டர், அதாவது 40 எச்.பி. வண்டி 8 லிட்டர். வழக்கமான வேலைகளில் சராசரி 4 முதல் 5. இலேசான இழுவை வேலையில் ஒரு கியர் மேலே போட்டு ஆக்சிலேட்டரைக் குறைத்தால் மிச்சமாகும். கரும்புகை வந்தால் அதிகம் குறைத்துவிட்டீர்கள். புகைவடிகட்டி உள்ள புதிய வகை இன்ஜினை மணிக்கணக்கில் சும்மா ஓடவிட்டால் வடிகட்டி அடைக்கும். அதற்குச் சூடும் பாரமும் வேண்டும்.

மரங்களுக்கு நடுவே ஓடுவதானால் உங்கள் மரவரிசை இடைவெளி, தாழ்ந்த கிளையின் உயரம் இரண்டையும் அளந்துகொண்டு போங்கள். மேலே நீண்ட சைலன்சர் கிளையைக் கருக்கும். பக்கவாட்டில் அல்லது கீழே விடும் மாதிரி உண்டு. கவிழ்தல் தடுப்புச் சட்டம் மடக்கக்கூடியதாக இருக்கட்டும், வெளியே வந்ததும் நிமிர்த்தி சீட் பெல்ட் போடுங்கள். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது. எதை இழுத்தாலும் கீழே உள்ள இழுவைக் கம்பியில் கட்டுங்கள். கருவியை மாட்டும் மேல் கம்பியான டாப் லிங்கில் சங்கிலி போட்டு இழுத்தால் வண்டி முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கம் கவிழும். குதிக்க நேரமே கிடைக்காது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: களிமண்ணில் சேற்று உழவு இருப்பதால் 40 முதல் 45 எச்.பி., போர் வீல் டிரைவ், எண்ணெய் பிரேக், இரட்டைக் கிளட்ச் அல்லது சுதந்திர பி.டி.ஓ., ஐந்தடி ரோட்டவேட்டர், ஒன்பது கொத்துக் கலப்பை. 50-க்குப் போனால் சேற்றில் எடைதான் கூடும். 35-இல் நின்றால் கொத்துக் கலப்பை ஓடும், ஐந்தடி ரோட்டவேட்டர் களியில் திணறும். வெளி வேலைக்கும் விடுவீர்கள், அது பெரும்பாலும் மேட்டு நிலம் என்றால் மட்டும் 50-ஐ யோசியுங்கள். இரண்டு மாதிரிகளுக்குள் தடுமாற்றம் என்றால் அதிகாரபூர்வச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, பி.டி.ஓ. எச்.பி., இழுவை, டீசல் செலவு மூன்றையும் ஒப்பிடுங்கள். அவையும் சமம் என்றால் உதிரி பாகமும் மெக்கானிக்கும் எது பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்களா? இன்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானட்டில் கை வைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்றடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மணிமீட்டர் 2,000 காட்டி, கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தால் மீட்டர் பொய். பி.டி.ஓ. தண்டின் பள்ளங்கள் கூராகியிருக்கின்றனவா, முன் அச்சின் நடு ஊசி ஆடுகிறதா, கிளட்ச் உறையில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ரோட்டவேட்டரைத் தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டு, எட்ட நின்று மற்ற பேச்சைப் பேசிக்கொண்டிருங்கள். பத்து நிமிடத்துக்குள் கருவி தரையில் உட்கார்ந்துவிட்டால் லிப்ட் சிலிண்டரோ வால்வோ கசிகிறது; அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.